பனி எவ்வளவு விழுந்துச்சுன்னு போடுறீங்க, எங்க போச்சுன்னு யாருங்க போடுவா?

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கமுங்க.

ஏற்காட்டுல நாகலூர் பக்கம் இருந்து எழுதுறேன். உங்க பேப்பர முப்பது வருஷமா படிக்கிறேன், கடுதாசி போடுறது இதுதான் மொத தடவ. போன மாசம் மாவட்டச் செய்தி பக்கத்துல ஏற்காட்டில் கடும் பனிப்பொழிவு, வாகன ஓட்டிகள் அவதின்னு கொட்டை எழுத்துல போட்டிருந்தீங்க. அத எவனோ போட்டோ புடிச்சு வாட்ஸ்அப்ல விட, அது சுத்தி சுத்தி கனடாவுல இருக்குற என் மக போனுக்கே போயிடுச்சு. ராத்திரி பத்தரை மணிக்கு போன் பண்ணி என்னப்பா நம்மூர்ல ஸ்னோ விழுதாமே, ஷவல் எடுத்துட்டு வரவான்னு கேட்டு சிரிக்கிறா. எனக்கு மானமே போச்சு.

அன்னிக்கு இங்க இருந்தது மூடுபனி. மேகம் மலை மேல உக்காந்துக்குச்சு, ஒண்டிக்கடை ரவுண்டானாகிட்ட பத்தடி தள்ளி நிக்கிற ஆள் தெரியல, அவ்ளோதான் விஷயம். தப்பு உங்க மேல மட்டும் இல்லீங்க, நம்ம பாஷையில பனின்னா எல்லாமே பனிதான், மார்கழில புல்லு மேல நிக்கிறதும் பனி, ஊட்டில காலைல வெள்ளையா உறைஞ்சு கிடக்குறதும் பனி, காஷ்மீர்ல மூட்டை மூட்டையா கொட்டுறதும் பனி. ஆனா பொழிவுன்னு போட்டா அது மேல இருந்து விழுந்திருக்கணும்ல. 1500 மீட்டர் உயரத்துல இருக்குற எங்க மலையில ஸ்னோ விழுந்துச்சுன்னு எங்க தாத்தாகூட கதை விட்டதில்ல.

சரி அத விடுங்க, நான் எழுத வந்தது வேற. என் மக சாஸ்கட்டூன்னு ஒரு ஊர்ல தண்ணி சம்பந்தமான ஆராய்ச்சி படிப்பு படிக்கிறா. என்ன ஆராய்ச்சின்னு கேட்டா, மலை மேல விழுந்த ஸ்னோவ காத்து எங்கெங்க கொண்டு போய் போடுதுன்னு கம்ப்யூட்டர்ல கணக்கு போடுறதுன்னு சொன்னா. மொதல்ல கேட்டப்ப எனக்கே சிரிப்பு வந்துச்சு, இதுக்கா இவ்வளவு தூரம் போன, காத்து அடிச்ச பக்கம் போகும், இதுல என்ன கணக்குன்னு கேட்டேன். அதுக்கு அவ, அப்பா நீ சேகோ பேக்டரில இருந்தவன்தானே, களத்துல மாவு பறந்தத மறந்துட்டியான்னு ஒரே கேள்விதான் கேட்டா. அதுக்கப்பறம் அவ சொன்னது பூராவும் எனக்கு பட்டு பட்டுன்னு புரிஞ்சுது.

அந்த மாவு கதைய சொல்லிடுறேன். சேலத்துல ஒரு சேகோ மில்லுல, அதான் ஜவ்வரிசி மில்லுல, இருபத்தி ரெண்டு வருஷம் களத்து மேஸ்திரியா இருந்தேன். மரவள்ளின்னு சொல்ற குச்சிக்கிழங்க அரைச்சு பால் எடுத்து தொட்டியில தெளிய விட்டா அடியில மாவு நிக்கும், அத வெட்டி எடுத்து சிமெண்ட் களத்துல பரப்பி வெயில்ல காய வெப்போம். ஈரமா இருக்குறப்ப எவ்வளவு காத்து அடிச்சாலும் அசையாது, ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு கட்டி கட்டியா கிடக்கும். மத்தியானம் ரெண்டு மணிக்கு மேல காஞ்சதும் ஆடிக் காத்துக்கு ஆட்டம் ஆரம்பிக்கும். குனிஞ்சு பாத்தீங்கன்னா தெரியும், கனமான பொடி தரையோட உருண்டு போகும், கொஞ்சம் சன்னமானது தத்தித் தாவித் தாவிப் போகும், விழுற இடத்துல இன்னும் நாலு பொடிய தட்டி எழுப்பும், ரொம்ப சன்னமானது அப்படியே புகையாட்டம் மேல ஏறி அடுத்த காட்டுக்கு போயிடும். கணுக்காலுக்கு கீழ ஒரு வெள்ளை ஆறு ஓடுற மாதிரி இருக்கும், முட்டிக்கு மேல லேசான புகைதான்.

ஒரு வருஷம் ஆடியில ஒரே நாள்ல மூட்டை கணக்கு உதைச்சுது. முதலாளி எங்க மேலதான் சந்தேகப்பட்டார், சாயங்காலம் பொம்பளைங்க தூக்குச்சட்டிய எல்லாம் திறந்து பாக்க சொன்னார், எனக்கு இன்னிக்கும் அத நெனச்சா வயிறு எரியும். மறுநாள் மோட்டார் ரூமுக்கு பின்னாடி குப்பை கொட்ட போன ஒரு அம்மாதான் கண்டுபுடிச்சுது, சுவத்துக்கு மறைவுல முழங்கால் உயரத்துக்கு மாவு குமிஞ்சு கிடக்கு. காத்து நேரா அடிச்ச பக்கம் பாத்தா தொடைச்சு விட்ட மாதிரி சுத்தமா இருக்கு. மாவு எங்கயும் போகல, இடம் மாறிடுச்சு. அப்பறம் முதலாளி மேக்கால ஏழடிக்கு ஹாலோபிளாக் சுவரு எழுப்பினார், அது இன்னும் மோசம், சுவத்துக்கு ஒட்டுன மாதிரி அமைதியா இருக்கும், அதத் தாண்டினா காத்து சுருட்டிக்கிட்டு இறங்கி வாரிக்கிட்டு போகும். கடைசியில சுவத்த விட்டுட்டு, பாதி சந்து பாதி ஓலையா மூங்கில் தட்டி கட்டினோம், அதுதான் நின்னுச்சு.

இதையே அமெரிக்காவுல வயோமிங் மாநிலத்துல கோடிக்கணக்குல செலவு பண்ணி கத்துக்கிட்டாங்களாம். 1970 அக்டோபர்ல அங்க ஒரு நெடுஞ்சாலைய திறந்தாங்க, 80ஆம் நம்பர் ரோடு, அந்த குளிர் காலமே காத்து அடிச்ச ஸ்னோவால அடிக்கடி மூட வேண்டியதா போச்சு. டேப்ளர்னு ஒருத்தர் வருஷக்கணக்கா அளந்து பாத்து, ரோட்டுக்கு காத்து வர்ற பக்கம் பாதி சந்து விட்ட வேலி போடணும், அடியிலயும் கொஞ்சம் இடைவெளி விடணும், வேலி உயரத்தப் போல சுமார் 35 மடங்கு தூரத்துக்கு பின்னாடி ஸ்னோ நீளமா படியும், அதனால ரோட்டுல இருந்து அவ்வளவு தள்ளி வேலிய வெக்கணும்னு கணக்கே போட்டு குடுத்துட்டார். பத்தடி வேலின்னா 350 அடி. எங்க மில்லுல தட்டிய ஒட்டி களத்த வெச்சிருந்தோம், அந்த மனுஷன் பாத்திருந்தா தலையில அடிச்சிருப்பார்.

மணல் கணக்குதான் இதுக்கு தாய் கணக்கு. பேக்னால்டுன்னு ஒரு பிரிட்டிஷ் ராணுவ இன்ஜினியர், லிபியா பாலைவனத்துல கார் ஓட்டித் திரிஞ்சவர், மணல் காத்துல எப்படி நகருதுன்னு 1941ல புத்தகமே போட்டார். ஸ்னோ ஆளுங்க அதத்தான் எடுத்து ஆரம்பிச்சாங்க. ஆனா மணல் மணலாவே இருக்கும், ஸ்னோ அப்படி இல்லீங்க. விழுந்து கிடக்குற நேரத்துலயே பக்கத்து துகளோட ஒட்டி இறுகும், பறக்குறப்ப மோதி மோதி உடைஞ்சு சன்னமாகும், காத்து காஞ்சதா இருந்தா தண்ணியாவே மாறாம நேரா ஆவியாவும் போயிடும். அதனால மணல் மாதிரி ஒரே அளவுகோல் வெச்சு முடிக்க முடியாது.

கனடா சமவெளியில அளந்து பாத்ததுல, காஞ்ச ஸ்னோ நகர ஆரம்பிக்க சராசரியா மணிக்கு 28 கிலோமீட்டர் காத்து வேணும், ஈர ஸ்னோன்னா 36 வேணும், தரையில இருந்து பத்து மீட்டர் உயரத்துல அளந்த காத்து. பாருங்க, எங்க ஈர மாவு காஞ்ச மாவு கதைதான். அந்த எல்லைய தாண்டிட்டா அப்பறம் காத்து டபுள் ஆனா ஸ்னோ டபுளா போறதில்ல, கிட்டத்தட்ட நாலாம் அடுக்குல ஏறும்னு பொமராய்ங்கிற ஆராய்ச்சியாளர் கணக்குல வருது, அதாவது ரெண்ட நாலு தடவ பெருக்கினா பதினாறு மடங்கு. அதனாலதான் காத்து ஸ்பீட கொஞ்சம் தப்பா போட்டாலும் முடிவு எங்கயோ போயிடும், என் மக புலம்புறது இதத்தான்.

இப்ப மலைக்கு வாங்க. சமவெளியில காத்து நேரா வரும், மலையில அது மலை சொல்ற மாதிரிதான் போகும். நீங்க எங்க ஏற்காட்டு பக்கோடா பாயிண்ட்ல நின்னு பாருங்க, வேட்டிய புடிச்சுக்கிட்டுதான் நிக்கணும், அங்க இருந்து அரை கிலோமீட்டர் இறங்கி ஒரு காபி தோட்டத்து பள்ளத்துக்குள்ள போனா பீடி பத்த வெக்கலாம், ஒரே குச்சியில. சரிவுல ஏறுற காத்து முகட்டுல நெருக்கி வேகம் புடிக்கும், முகட்ட தாண்டினதும் விரிஞ்சு வேகம் குறையும், சில நேரம் சுழலும். அப்ப ஸ்னோ இருக்குற மலையில என்ன ஆகும், காத்து பாக்குற சரிவுல சுரண்டி எடுக்கும், முகட்டுக்கு அந்தப்புறம் கொண்டு போய் கொட்டும். முகட்டு ஓரத்துலயே தாழ்வாரம் மாதிரி அந்தரத்துல நீட்டிக்கிட்டும் கட்டிடும், கீழ ஒண்ணும் இருக்காது, அது மேல கால வெச்ச ஆளுங்க நெறைய பேர் போயிருக்காங்க. உடைஞ்ச சன்னத் துகள் நெருக்கமா படிஞ்சு இறுகி பலகையாட்டம் நிக்கும், அதுக்கு அடியில பழைய ஸ்னோ லூசா இருந்தா அந்த பலகை மொத்தமா வழுக்கிக்கிட்டு வரும். பனிச்சரிவுன்னு நீங்க போடுறீங்களே, அதுல ரொம்ப மோசமான ரகம் இது. வானத்துல இருந்து விழுறத விட பத்து மடங்கு வேகத்துல காத்து ஒரு சரிவுல ஸ்னோவ ஏத்த முடியும்னு சொல்றாங்க. பனிச்சரிவ கட்டுற மேஸ்திரி காத்துதான்னு ஆல்ப்ஸ் மலை பக்கம் ஒரு பேச்சு உண்டாம். மேஸ்திரின்னு கேட்டதும் எனக்கு கொஞ்சம் ரோஷம் வந்துச்சு.

இதத்தான் உங்ககிட்ட சொல்ல வந்தேன். இமாச்சல்ல 40 செ.மீ. பனி, காஷ்மீர்ல 60 செ.மீ. பனின்னு போடுறீங்க. அந்த நம்பர் ஒரு இடத்துல அளந்தது. அளக்குற பாத்திரமே காத்துக்கு ஏமாறும், சுத்தி மறைப்பு இல்லாத பாத்திரம்னா பலமான காத்துல பாதிய கூட புடிக்காது, மீதி மேலாலயே பறந்து போயிடும். சரியாவே அளந்தாலும் அது விழுந்த கணக்குதான். காத்து அடிச்சு முடிச்சதும் ஒரு சரிவுல பாறை தெரியும், அடுத்த சரிவுல மூணு ஆள் உயரம் நிக்கும். ரெண்டுக்கும் உங்க பேப்பர்ல அதே 40 செ.மீ. தான்.

இந்த கம்ப்யூட்டர் கணக்குக்கு மாடல்னு பேரு, அத எப்படி போடுறாங்கன்னு மக லேப்டாப்ப காட்டி வீடியோ கால்ல சொன்னா. மலைய கட்டம் கட்டமா பிரிச்சுக்குவாங்க, ஒவ்வொரு கட்டமும் இருபது மீட்டருக்கு இருபது மீட்டர் மாதிரி. ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு பேரேடு. பக்கத்து கட்டத்துல இருந்து காத்து கொண்டு வந்தது வரவு, இங்க இருந்து தூக்கிட்டு போனது பற்று, ஆவியா போனது சேதாரம், வானத்துல இருந்து விழுந்தது புது வரவு, கடைசியில இருப்பு எவ்வளவு. தத்திப் போறதுக்கு ஒரு கணக்கு, அது பெரும்பாலும் தரையில இருந்து பத்து செ.மீ.க்குள்ளயே முடிஞ்சிடும், மேல மிதந்து போறதுக்கு தனி கணக்கு, அது ரொம்ப தூரம் போகும். மணிக்கு மணி இத எல்லா கட்டத்துக்கும் போட்டுக்கிட்டே போகணும். பள்ளம் ஸ்னோவால நிறைஞ்சிடுச்சுன்னா அதுக்கு மேல அங்க நிக்காது, தரையோட உருவமே மாறிடுச்சே, அதையும் கவனிக்கணும். லிஸ்டன், ஸ்டர்ம்னு ரெண்டு பேர் 1998ல அலாஸ்காவுக்காக போட்ட மாடல் இந்த வழியில பேர் போனது, சுவிட்சர்லாந்து தாவோஸ்ல இருக்குற பனி ஆராய்ச்சி நிலையத்துல போட்டது இன்னும் பெருசாம்.

கஷ்டம் எங்கன்னா பேரேட்டுல இல்லீங்க, காத்துல. ஒவ்வொரு இருபது மீட்டருக்கும் காத்து எவ்வளவுன்னு யார் சொல்லுவா? வானிலை கம்ப்யூட்டர் பெரிய பெரிய கட்டமாத்தான் பாக்குது. நம்ம நாட்டுல ரொம்ப நாளா 12 கிலோமீட்டர் கட்டம்தான், 2025 மே மாசத்துல பாரத் ஃபோர்காஸ்ட் சிஸ்டம்னு ஒண்ணு கொண்டு வந்து 6 கிலோமீட்டர் ஆக்கியிருக்காங்க. எங்க சேர்வராயன் மலை மொத்தமும் சுமார் 380 சதுர கிலோமீட்டர். 12 கிலோமீட்டர் கட்டம்னா ஒண்ணு 144, அப்ப எங்க மலை பூராவும் மூணே கட்டத்துல முடிஞ்சு போச்சு! 20 கொண்டை ஊசி வளைவும் சேர்வராயன் கோயிலும் கிளியூர் அருவியும் அடிவாரமும் எல்லாம் மூணு நம்பர்ல. 6 கிலோமீட்டர்னா பத்து பதினொண்ணு வரும், பரவால்ல. ஆனா இருபது மீட்டர் கட்டமா போட்டா ஒன்பதரை லட்சம் கட்டம் வருது. அந்த மூணுல இருந்து ஒன்பதரை லட்சத்துக்கு காத்த பிரிச்சு குடுக்குறதுதான் இவங்க தொழில்.

அதுக்கு பல வழி வெச்சிருக்காங்க. அமெரிக்க வனத்துறைக்காரங்க காட்டுத்தீ எந்த பக்கம் போகும்னு பாக்குறதுக்காக விண்ட்நிஞ்சான்னு ஒரு சாஃப்ட்வேர் பண்ணினாங்க, அத இப்ப ஸ்னோ ஆளுங்க கடன் வாங்கிக்கிட்டாங்க, தீய தள்ளுறதும் ஸ்னோவ தள்ளுறதும் அதே காத்துதானே. எனக்கு ரொம்ப புடிச்சது 2002ல வின்ஸ்ட்ரல்னு ஒருத்தரோட குழு சொன்ன எளிய வழி. ஒரு இடத்துல நின்னு காத்து வர்ற திசைய பாரு, கொஞ்ச தூரத்துக்குள்ள உன்ன மறைக்கிற மாதிரி எது உசரமா நிக்குதுன்னு பாரு, அதோட கோணம் எவ்வளவு? கோணம் பெருசா இருந்தா நீ மறைவுல இருக்க, உன் மேல ஸ்னோ படியும். எதிர்ல எல்லாம் உன்ன விட தாழ்வா இருந்தா நீ வெட்டவெளி, உன்ன காத்து தொடைச்சிட்டு போயிடும். அவ்வளவுதான், பெரிய கம்ப்யூட்டரே வேணாம். நான் மறுநாளே எங்க மச்சான் தோட்டத்துல நடந்து பாத்தேன், போன ஆடியில சாஞ்ச சில்வர் ஓக் மரம் பதினொண்ணுல ஒன்பது, மேற்கால பாத்தா வானம் மட்டும் தெரியுற இடத்துல நின்ன மரம். மீதி ரெண்டு? ஒண்ணு வேர்ப்புழு, இன்னொண்ணு எங்க மச்சான் வெட்டி வித்துட்டு காத்து மேல பழி போட்டது.

சரியா வந்துச்சான்னு சரி பாக்குறதும் சுவாரசியமா இருக்கு. ஸ்னோ இல்லாத கோடையில விமானத்துல இருந்து லேசர் அடிச்சு தரை உயரத்த அளந்துக்குறாங்க, குளிர் காலத்துல அதே மாதிரி இன்னொரு தடவ, ஒண்ணுல இருந்து ஒண்ண கழிச்சா எங்க எவ்வளவு கிடக்குன்னு தெரிஞ்சிடும். அதோட மாடல் கணக்க வெச்சு பாக்குறப்ப சில இடத்துல முகம் செவந்துடும்னு மக சொல்றா. காத்து திசை கொஞ்சம் திரும்பிட்டா எந்த சரிவு மறைவு, எது வெட்டவெளிங்கிறதே மாறிடும்ல. கணக்கு தப்புறதால கணக்கே வேணாம்னு சொல்ற ஆளுங்களும் இருக்காங்களாம், அவங்களுக்கு எங்க முதலாளிதான் சரி, கணக்கு உதைச்சதும் தூக்குச்சட்டிய திறக்க சொல்லுவார்.

சேலத்துக்காரனுக்கு இது எதுக்குன்னு கேப்பீங்க. 2016 பிப்ரவரி 3ஆம் தேதி சியாச்சின்ல 19,600 அடி உயரத்துல மெட்ராஸ் ரெஜிமெண்ட் ஆளுங்க பத்து பேர் பனிக்குள்ள புதைஞ்சாங்க, அதுல நாலு பேர் நம்ம தமிழ்நாடு, ஒருத்தர் பக்கத்து கிருஷ்ணகிரி மாவட்டம். நீங்களும் ஒரு வாரம் முதல் பக்கத்துல போட்டீங்க. அன்னிக்கு நடந்தது காத்தாலன்னு நான் சொல்ல வரல. ஆனா அந்த மாதிரி இடத்துல காவல் நிக்கிற பசங்களுக்கு எந்த சரிவுல எவ்வளவு ஏறியிருக்குங்கிற கணக்கு உயிர் கணக்கு. 2025 பிப்ரவரி 28 உத்தரகாண்ட் மாணா கிராமத்துக்கிட்ட ரோடு வேலை செய்யுற 54 பேர் சிக்கினாங்க, 46 பேர மீட்டாங்க, எட்டு பேர் போயிட்டாங்க. பனிச்சரிவு எச்சரிக்கைன்னு நம்ம பேப்பர்கள்ல வர்றது இந்த மாவட்டம், இத்தனை மீட்டருக்கு மேலன்னு வருது. மாவட்டம் பெருசுங்க. சரிவு சின்னது. நம்ம நாட்டுல இதுக்குன்னே 1969ல மணாலில ஒரு ஆராய்ச்சி நிலையம் ஆரம்பிச்சாங்க, ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓவுக்கு கீழ, 2020ல இன்னொரு நிலையத்தோட சேத்து இப்ப சண்டிகர்ல இருக்கு. அவங்க என்ன கணக்கு போடுறாங்க, காத்த எப்படி அளக்குறாங்கன்னு ஒரு நிருபர அனுப்பி ஒரு அரைப் பக்கம் எழுத வைங்க. சினிமா பக்கத்துல இருந்து அரைப் பக்கம் எடுத்தா யாரும் சாகப் போறதில்ல.

நமக்கும் ஒரு சின்ன வேண்டுகோள். ஆடி மாசத்துல ஏற்காட்டில் பலத்த காற்று, மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு ஒரே நம்பர் போடுறீங்க, அது எங்க அளந்ததுன்னும் சேத்து போடுங்க. ஏரிக்கிட்ட அளந்ததா, முகட்டுலயா? நாகலூர்ல மரம் சாஞ்சு ரோடு மறிச்சு கிடக்குறப்ப, லேசான காற்றுன்னு பேப்பர்ல படிச்சா பஸ்சுக்கு நிக்கிறவன் உங்களத்தான் திட்டுறான், நான் காதால கேட்டேன்.

மூடுபனிய மூடுபனின்னே போட்டுடுங்க, என் மககிட்ட நான் இன்னொரு தடவ சிரிப்பு வாங்க முடியாது. கடிதம் நீளமா போச்சுன்னு தெரியுது, வெட்டத்தான் செய்வீங்க. வெட்டுறதா இருந்தா வயோமிங்க வெட்டுங்க, மோட்டார் ரூமுக்கு பின்னாடி மாவு கிடைச்ச கதைய மட்டும் விட்டுடுங்க. அந்த மில்லுல அன்னிக்கு தூக்குச்சட்டிய திறந்து காட்டுன பொம்பளைங்கள்ல நாலஞ்சு பேரு இன்னும் சேலத்துலதான் இருக்காங்க, உங்க பேப்பர்தான் படிக்கிறாங்க.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற களத்து மேஸ்திரி,
நாகலூர், ஏற்காடு.